மண்ணுக்குள் ராங்கி

மூக்குக்கு மேலே கோபம் வருகிறது என்பார்களே, எனக்கு அது இன்னும் நாலு விரற்கடை உயரத்தில் வரும். நகரியில் எங்கள் பவர்லூம் ஷெட்டுக்குள் நின்று நான் கத்தினால் தெருமுனை வரை கேட்கும் என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். அந்தக் கோபத்தில்தான் இரண்டு நண்டுகளை வாங்கினேன்.

போன வருஷக் கோடையில் திருப்பதியில் ஒரு எக்ஸிபிஷன் போட்டிருந்தார்கள். வளையல் கடைக்கும் அப்பளக் கடைக்கும் நடுவே ஒருவன் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு டப்பாவிலும் பெயின்ட் அடித்த ஒரு சங்கு. ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மூஞ்சி. உற்றுப் பார்த்தால் சங்குக்குள்ளிருந்து கால்கள் நீண்டு டப்பாவைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"சோறு போடுங்க, குழாய்த் தண்ணி ஊத்துங்க, ஒரு மாசம் ஓடும் மேடம்" என்றான் கடைக்காரன்.

"அப்புறம்?"

"அப்புறம் வேற வாங்கிக்கலாம். பொம்மைதானே?"

"பொம்மைக்கு இன்னாத்துக்குய்யா உசிரு?" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பளம் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு கத்திவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் என் கத்தலுக்கு என்ன மரியாதை? பூவையும் மூஞ்சியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவற்றைச் சங்கு நண்டு என்கிறார்கள். முன்னால் இருக்கும் கொடுக்குகளும் கால்களும் கெட்டியாக இருக்கும். பின்னுடம்பு மட்டும் ஓடில்லாமல் மெத்தென்று இருக்கும். அதனால் செத்த நத்தையின் காலிக் கூட்டைத் தேடி உள்ளே புகுந்துகொள்ளும், உடம்பு வளர வளரப் பெரிய கூடு பார்த்து மாறும். நான் வாங்கியவை தரையில் வாழ்கிற வகை. தண்ணீரில் முழுக்கி வைத்தாலும் செத்துப்போகும், காற்றில் ஈரம் குறைந்தாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதற்கு நான் வேலை பார்க்கும் இடத்து மேனேஜரைச் சமாளிப்பது சுலபம். வீட்டுத் தொட்டியில் இவை குஞ்சு பொரித்து வளர்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அப்படியென்றால் கடைக்கு வருகிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்ததுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேலும் வாழும் என்று படித்த அன்று, 'ஒரு மாசம் ஓடும்' என்றவனைத் தேடி மறுபடியும் எக்ஸிபிஷனுக்குப் போனேன். கடை காலி. அவனுக்கு நல்ல நேரம்.

பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கினேன். உள்ளே ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, கையால் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும் ஈரத்தில், ஒரு முழங்கை ஆழத்துக்கு நிரப்பினேன். மேலே கண்ணாடி மூடி. ஒரு கிண்ணத்தில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் மீன்தொட்டிக் கடையில் விற்கும் கடலுப்பு கரைத்த தண்ணீர். பெயின்ட் படாத காலிக் கூடுகள் ஏழெட்டைப் போட்டு வைத்தேன். அந்த வாரமே இரண்டும் பூவையும் மூஞ்சியையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. பெரியதற்கு ராங்கி என்று பெயர் வைத்தேன். யார் வந்தாலும் கொடுக்கை உயர்த்தி நிற்கும், என்னைப் போல. சின்னது பொடி.

நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் லேப் வேலை பார்க்கிறேன். முன்பு வேலை திருப்பதியில் இருந்தது. வேலை மாறியும் ரூமை மாற்றாமல் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். ரூம் திருப்பதி கொர்லகுண்டாவில், சேஷாசலம் அங்கிள் வீட்டு மாடியில். அங்கிள் ரிட்டையர் ஆனவர், ஆனால் அதிகாரம் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. குடி வந்த அன்றே சொல்லிவிட்டார்: வீட்டுக்குள் மாமிசம் கூடாது. நான் அந்தப் பேச்சை மீறியதில்லை. பிரியாணி ஆசை வந்தால் வெளியே தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படியேறுவேன். நண்டுகளுக்கும் மாம்பழத் தோல், ஊறவைத்த கடலை, உடைத்த கணவாய் ஓடு. வாரத்தில் ஒரு சிட்டிகை இறால் கருவாட்டுப் பொடி, அதைச் சமைத்ததும் இல்லை, நான் தின்றதும் இல்லை. இதில் குற்றம் எங்கே என்று எந்தக் கோர்ட்டிலும் நின்று கேட்பேன்.

விஷயம் வெளிப்பட்டது சின்ன நண்டு பொடியால். நான் மூடியைச் சரியாகத் தள்ளாத ஒருநாள் அது ஏறிக் குதித்து, கதவிடுக்கில் நுழைந்து, மாடிப்படி முழுவதும் உருண்டு இறங்கி, ஈர மண்ணைத் தேடித் துளசி மாடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் அங்கிளின் மனைவி தாட்சாயணி ஆன்ட்டி துளசியைச் சுற்ற வந்தபோது செடியடியில் ஒரு சங்கைப் பார்த்தார். நேற்று இல்லாத சங்கு. திருப்பதியில், பெருமாள் காலடியில், தானாக வந்த சங்கு! ஆன்ட்டி குங்குமம் வைத்தார், கற்பூரம் ஏற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் ஓடி வந்து கும்பிட்டார்கள். கற்பூரச் சூடு தாங்காமல் சங்குக்குக் கால் முளைத்தது.

"பீத! ஏவண்டி, பீத!" என்று ஆன்ட்டி போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது. பீத என்றால் தெலுங்கில் நண்டு. நான் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு ஓடினேன். பொடியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அதன் முதுகில் குங்குமம் இருந்தது.

அங்கிள் ஈர வேட்டியோடு வந்து நின்றார். "ஏமம்மா யாமினி, இதி ஏமிடி? நண்டா? நம்ம வீட்டுல நண்டா?"

"இது துன்றதுக்கு இல்ல அங்கிள். வளக்கறதுக்கு."

"வளக்கறதோ பொரிக்கறதோ, நண்டு நண்டுதான். இது நான்-வெஜ்."

"இப்பதான் ஆன்ட்டி இதுக்குக் கற்பூரம் காட்டினாங்க. அப்ப மட்டும் சாமியா?"

அது சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். அங்கிள் முகம் சிவந்தது. "காலி செய். இந்த வாரமே" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். போடா என்றால் போய்க்கொண்டே இருக்கிற ரத்தம் எனக்கு. ஆனால் போக முடியாது. ராங்கி மண்ணுக்குள் போயிருந்தது.

நண்டு வளர வேண்டுமென்றால் மேல்தோலை உரித்தாக வேண்டும். அதற்கு முன்னால் பேயாகத் தின்னும், தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தேக்கிக்கொள்ளும், நிறம் மங்கும், கண் பால் பூத்த மாதிரி ஆகும். பிறகு மண்ணைத் தோண்டி அடியில் போய், உடம்பளவுக்கு ஒரு சின்ன அறை செய்துகொண்டு படுக்கும். அங்கே முழுத் தோலையும் கழற்றும். கழற்றியபின் எலும்பில்லாத சதை மாதிரிக் கிடக்கும், ஒரு கால்கூட அசைக்க வராது. கழற்றிய தோலையே மெல்லத் தின்று, அதன் சுண்ணாம்பில் புதுத் தோலை இறுக்கிக்கொள்ளும். பெரிய நண்டுக்கு இதற்கு ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அதற்குள் யாராவது தொட்டியை நகர்த்தினால் அறை சரிந்து மேலே விழும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்த்துக் கொன்றவர்கள்தான் அதிகம். இன்னொரு நண்டு கூட இருந்தாலும் ஆபத்து, மெத்தென்று கிடப்பதைத் தின்றுவிடும். பொடியைத் தனிப் பெட்டிக்கு மாற்றினேன்.

இதையெல்லாம் அங்கிளிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "நண்டுக்குப் பிரசவமா?" என்று சிரித்தார். அப்போதே முடிவு செய்தேன், உண்மை இவரிடம் செல்லாது. செல்லும் காசை எடுப்போம்.

"அங்கிள், ஆஷாடம் பொறந்துடுச்சே. ஆஷாடத்துல வூடு மாத்துவாங்களா? நீங்களே சொல்லுங்க."

அங்கிள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதத்தில் நல்ல காரியம் கிடையாது. புதிதாகக் குடிவருகிறவர்களும் அந்த மாதம் பால் காய்ச்ச மாட்டார்கள். என்னைத் துரத்தினால் ரூம் சும்மாதான் கிடக்கும். "சரி, ஸ்ராவணம் பொறந்த முதல் வெள்ளிக்கிழமை புதுசா ஆள் வருவாங்க. அதுக்கு முன்னாடி காலி" என்றார்.

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. தொழிற்சாலை வாசலில் தோதாபுரி மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நாள் முழுக்கக் கூழைச் சொட்டுச் சொட்டாகச் சோதித்துவிட்டு, கைநிறைய மாம்பழ வாசனையோடு பஸ் பிடித்து வருவேன். வந்ததும் முதல் வேலை, தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது. செத்த நண்டு நாறும் நாற்றம் வேறு, யாருக்கும் சந்தேகமே வராது. ஈர மண் வாசனை மட்டும் இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். ஆன்ட்டி சாயங்காலம் சாம்பிராணி போடுவார். அந்தப் புகை மாடியேறும். நண்டுக்குப் புகை ஆகாது என்று கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைப்பேன். ஒரு வாரம் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேராம். கீழே மட்டும் எப்படி ரிப்பேர் இல்லை என்று கேட்காமல், கேனில் தண்ணீர் தூக்கினேன். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் நான் ஜெயிப்பேன், ஜெயித்தால் வெளியே போக வேண்டியிருக்கும். எனக்கு என் வாயை மூடிக்கொள்ளத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஆஷாட அமாவாசை போயிற்று. அங்கிள் மாடியேறி வந்தார். "ஏமம்மா, மூட்டை கட்டியாச்சா?"

"அங்கிள், ஆடி நடந்துகினு இருக்குதே."

"ஆஷாடம் முடிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. எங்களுக்கு ஆடி நடுவுல இருக்குது. ஆடியில எங்க ஆளுங்க வூடு மாத்த மாட்டாங்க."

சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணுகிறவர்கள் அவர்கள், சூரியனைப் பார்த்து எண்ணுகிறவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஸ்ராவணமும் அடுத்த வீட்டில் ஆடியும் நடக்கும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அங்கிள் கேட்டார்.

"ஆடியெல்லாம் தமிழ்நாட்டுல வெச்சுக்க. இது ஆந்திரா."

எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. "நகரி எங்க இருக்குது அங்கிள்? எங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறந்ததும் அங்கதான், எங்க ஓட்டு இருக்கிறதும் அங்கதான். எங்க ஆடியும் ஆந்திரா ஆடிதான்."

உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். என் அம்மா செங்கம்மாவுக்கு நண்டு வளர்ப்பது பிடிக்காது. 'காசு குடுத்து வாங்கிக்கினு வந்து, துன்னாம வேடிக்கை பாத்துக்கினு இருக்கிற லூசு' என்பதுதான் என்னைப் பற்றி அவள் கருத்து. ஆனால் ஆடி என்றால் வேறு.

"ஆடியில பொம்பளப் புள்ளைய வூட்ட விட்டு அனுப்புறீங்களா சாரு?" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "மீ இண்ட்லோ ஆட பில்லலு லேரா? உங்க வூட்ல பொம்பளப் புள்ளைங்க இல்லியா? ஆவணி பொறக்கட்டும், நானே வந்து கூட்டிக்கினு போறேன்!"

அங்கிள் படியிறங்கிப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆடியிலும் நம்பிக்கை கிடையாது, ஆஷாடத்திலும் கிடையாது. ஆனால் அன்றைக்கு இரண்டு மாதங்களையும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஸ்ராவண முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம், சித்தூரில் ஒரு டேங்கர் கூழைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தாட்சாயணி ஆன்ட்டி. குரலைத் தாழ்த்திப் பேசினார். "யாமினி, அங்கிள் ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கார். மாற்றுச் சாவி போட்டுத் தொறந்துட்டாங்க. புது ஆளுங்க சாயங்காலம் பால் காய்ச்ச வராங்க. நீ வாம்மா."

லேப் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பஸ் பாகாலா பக்கம் நின்று நின்று ஆள் ஏற்றியபோது டிரைவரோடு சண்டை போட்டேன். "பொணம் உழுந்துச்சா?" என்றார் அவர். "உழுந்துடக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினார்.

வீட்டில் ஆன்ட்டியின் வெள்ளிக்கிழமைப் பூஜை நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் பட்டுச்சேலைப் பெண்கள், தாம்பூலம், ஊறவைத்த கடலை. நான் யாரையும் பார்க்காமல் மாடியேறினேன். என் துணிகளும் பாத்திரங்களும் வராந்தாவில் கிடந்தன. உள்ளே இரண்டு ஆட்கள் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மணல் மொத்தமாக மறுபக்கம் சரிந்திருந்தது.

"கீழ வைங்க!" என்று கத்தினேன். "மெதுவா. மெதுவா வைங்கய்யா!"

வைத்தார்கள். நான் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அங்கிள், "எழுந்திரும்மா. ஆடி கீடின்னு இன்னும் கதை சொல்லாத" என்றார்.

"சொல்லல அங்கிள். ஆடியும் பொய், ஆஷாடமும் பொய். நான் எதையும் நம்பல. உங்க கிட்ட உண்மை சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. அதான் பொய் சொன்னேன். இந்த மண்ணுக்குள்ள ஒரு உசிரு தோல உரிச்சிக்கினு கெடக்குது. எழுந்து ஓட முடியாது, கடிக்க முடியாது, கத்தவும் முடியாது. அது எழுந்து வர வரைக்கும் நான் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன். போலீஸக் கூப்டுங்க. யார வேணும்னாலும் கூப்டுங்க."

தூக்க வந்த ஆட்களில் ஒருவர் தொட்டியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தோல் இல்லாம இருக்குதா? வேணாம் சார், பாவம் சுத்திக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்றவரும் பின்னாலேயே போய்விட்டார்.

அதற்குள் புதிதாகக் குடிவர இருந்தவர்கள் பால் சொம்போடு மாடியேறி வந்துவிட்டார்கள். புது ஜோடி, கூடவே மாப்பிள்ளையின் தாயார். என் கத்தல் அவர்கள் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. "ஏமண்டி, சுத்தமான சைவ வீடுன்னு சொன்னீங்களே" என்றார் அந்த அம்மாள் அங்கிளிடம். "இங்க நண்டைப் பொதைச்சு வெச்சிருக்கே? இந்த ரூம்ல எப்படிப் பால் காய்ச்சறது?"

"பொதைக்கலம்மா, உயிரோடதான் இருக்கு" என்றார் அங்கிள் அவசரமாக.

"உயிரோட வேறயா!" என்று அந்த அம்மாள் மகனையும் மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார். தான் போட்ட சட்டமே தன்னைக் கடித்த மாதிரி அங்கிள் நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணல் சரிந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

அடுத்த நாட்கள்தான் கொடுமை. அறை இடிந்து அது நசுங்கிவிட்டதா, இல்லை உயிரோடு கிடக்கிறதா? தோண்டினால் தெரிந்துவிடும். தோண்டினால் உயிரோடு இருந்தாலும் செத்துவிடும். கை பரபரத்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்ப வேண்டியதை நம்பிச் சும்மா இருப்பது என் குணத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையிலும் மாலையிலும் மோந்து பார்த்தேன். ஈர மண். ஈர மண் மட்டும். ஆன்ட்டி சாம்பிராணியைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஆடிப்பெருக்கு கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சரிந்த மணலின் மூலையில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அது அசைந்தது. முதலில் ஒரு கொடுக்கு வந்தது, நான் பார்த்தே இராத நிறத்தில், துவைத்துக் காயப்போட்ட புதுச்சேலை மாதிரிப் பளிச்சென்று. பிறகு கண்கள். ராங்கி மெல்ல மெல்ல மேலே ஏறி, உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்க் குடித்தது. நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் கொடுக்கை உயர்த்தி நின்றது.

"அடிப்பாவி" என்றேன்.

அங்கிள் அன்று மத்தியானம் மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்று தொட்டியை எட்டிப் பார்த்தார். அதற்குள் ராங்கி காலிக் கூடு ஒன்றை உருட்டி உருட்டி அளந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"நண்டு கதை வெளியில பரவிப்போச்சும்மா. வேற யாரும் வர மாட்டேங்கறாங்க. சரி, நீயே இருந்துக்க. நண்டும் இருக்கட்டும். ஆனா வெளியில யாருக்கும் சொல்லாத. கீழ எடுத்துட்டு வராத. ஜன்னல்கிட்ட வைக்காத."

நான் ஏற்கெனவே சித்தூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். தொழிற்சாலைக்குப் பக்கம், மீன் மார்க்கெட் தெருவில், மாடி. வீட்டுக்காரம்மா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: நண்டு பூனையைக் கடிக்குமா?

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றேன். "சாயங்காலம் வண்டி வருது. நான் போறேன்."

"இன்னைக்கா?" அவர் திகைத்துப்போனார். "ஆடி இன்னும் முடியலையே. உங்க ஆளுங்க ஆடியில மாத்த மாட்டாங்கன்னு நீயேதானே…"

"போகச் சொன்னப்ப போவல. இருக்கச் சொல்றப்ப இருக்கவும் மாட்டேன்."

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஆடியிலா என்று தலையில் அடித்துக்கொண்டு திட்டினாள். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன். பிறகு பொடியின் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, தொட்டியை நானும் வண்டிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். துணி போட்டு மூடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கொர்லகுண்டா தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.